ஜிப்சம் போட்டும் நிலம் ஏன் திருந்தவில்லை?

கேள்வியின் சுருக்கம் இது: கோடையில் நிலம் வெள்ளை பூக்கிறது. மழை பெய்தால் நாள் கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. விதைத்தால் திட்டுத் திட்டாகத்தான் முளைக்கிறது. இரண்டு பருவமாக ஏக்கருக்கு நான்கு மூட்டை ஜிப்சம் போட்டும் மாற்றம் இல்லை. இன்னும் எவ்வளவு போட வேண்டும்?

அளவுக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் கேள்வியில் இரண்டு செய்திகள் விடுபட்டிருக்கின்றன. ஒன்று, மண் ஆய்வு முடிவு. மற்றொன்று, நிலத்தில் இறங்கும் தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பது. ஜிப்சம் பலிக்காமல் போகும் நிலங்களை விசாரித்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இருக்காது. வடிகால் இல்லாத நிலத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது. மூட்டை இறக்குவதற்கு முன் மண்வெட்டி எடுக்க வேண்டும்.

முதலில் மண்ணின் வகை. வெள்ளை பூத்த நிலமெல்லாம் ஒன்றல்ல. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு, இரண்டும் கலந்த நிலம் வேறு. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடவும் கூடும்.

உவர் நிலத்தில் இருப்பவை தண்ணீரில் கரையும் உப்புகள்: சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடுகளும் சல்பேட்டுகளும். மண் பொலபொலவென்றுதான் இருக்கும். தண்ணீரும் ஓரளவு உள்ளே இறங்கும். கெடுவது வேரின் வேலை. மண்நீரில் உப்பு கூடக்கூட வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே பயிர் வாடும். இலை நுனியிலிருந்து கருகும். களர் நிலத்தின் கோளாறு வேறு. அங்கே கரையும் உப்பு குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் களித்துகளைச் சுற்றி ஒட்டியிருக்க வேண்டிய கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கும். கால்சியம் இருக்கும்போது துகள்கள் சேர்ந்து கட்டியாகும், இடையில் துளைகள் இருக்கும். சோடியம் ஏறிவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, நனைந்ததும் நீரில் மிதந்து, போய்த் துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் கூழ், காய்ந்தால் கல். கூடவே சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து காரத்தன்மையை ஏற்றும். மண்ணின் மட்கு அந்தக் காரத்தில் கரைந்து மேலே வந்து காய்வதால் சில களர் நிலங்களில் வெள்ளைக்குப் பதில் கருமையான படிவு தெரியும்.

1954-இல் அமெரிக்க உவர்மண் ஆய்வுக்கூடம் வகுத்த எல்லைகளே இன்றும் பெரும்பாலும் பயன்படுகின்றன. மின்கடத்துதிறன் (மண்நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல், பரிமாற்றச் சோடியம் (களித்துகளில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டுக்குள், பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் எண்) 8.5-க்குள் என்றால் உவர். மின்கடத்துதிறன் 4-க்குக் கீழே, சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல், பிஎச் 8.5-க்கு மேல் என்றால் களர். மின்கடத்துதிறன், சோடியம் இரண்டும் எல்லையைத் தாண்டினால் உவர்க்களர். இதில் பிஎச் பல நேரம் 8.5-ஐத் தாண்டாது, அதனால் பிஎச் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆய்வு முடிவை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன 4 என்பது, மண்ணைக் குழைத்து அதிலிருந்து உறிஞ்சி எடுத்த சாற்றில் அளந்த எண். பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளக்கின்றன. அங்கே உப்பு நீர்த்துப்போவதால் எண் பல மடங்கு குறைவாக வரும். அறிக்கையில் 1.5 என்று இருப்பதைப் பார்த்து நிலம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். மாதிரி எடுக்கும்போதும் மேல்மண்ணை மட்டும் சுரண்டிக் கொடுக்காமல் 15, 30, 60, 100 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியாக எடுங்கள். வெள்ளைத் திட்டிலும் பயிர் நன்றாக வரும் திட்டிலும் தனித்தனியாக எடுங்கள். இரண்டையும் கலந்து கொடுத்தால் கிடைக்கும் சராசரி எந்தத் திட்டுக்கும் பொருந்தாது.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் வைத்து மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மெல்ல ஊற்றுங்கள். தம்ளரை அசைக்கக் கூடாது. கட்டி சரிந்து உதிர்வது சாதாரணம். உதிர்ந்த மண்ணைச் சுற்றி நீர் தெளிவாக இருந்தால் களர் குணம் குறைவு, அல்லது உப்பு மிகுதியாக இருந்து அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு வளையம் பரவி, சில மணி நேரத்தில் தம்ளர் முழுவதும் கலங்கி, மறுநாளும் தெளியாமல் நின்றால் அது களர். அந்தக் கலங்கல் நீரை இரண்டு தம்ளராகப் பிரித்து ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சத் தூளைப் போட்டுக் கலக்குங்கள். ஜிப்சம் போட்டதில் களி திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். மற்றது கலங்கலாகவே நிற்கும். நிலத்தில் ஜிப்சம் செய்ய வேண்டிய வேலை இதுதான். இரண்டு தம்ளரும் ஒன்றுபோலவே தெளிந்தால் அந்த மண்ணுக்கு ஜிப்சம் தேவையா என்று ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

தனி உவர் நிலத்துக்கு ஜிப்சம் வீண் செலவு. உப்பு ஏற்கெனவே கரையும் நிலையில் இருக்கிறது. அதைக் கரைத்துக் கீழே தள்ள நல்ல தண்ணீர் போதும். நிலத்தைச் சமன் செய்து, உயரமான வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாக நீர் தேக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைக் கழுவ நினைக்கிறோமோ அத்தனை சென்டிமீட்டர் நீர் அதன் வழியாக இறங்கிச் சென்றால் ஏறத்தாழ 80 விழுக்காடு உப்பு போய்விடும் என்பது நடைமுறைக் கணக்கு. 30 சென்டிமீட்டர் மண்ணுக்கு 30 சென்டிமீட்டர் நீர். ஆவியாகிப் போவது இதில் சேராது. ஒரேயடியாகத் தேக்குவதைவிடத் தேக்கி, இறங்கவிட்டு, மறுபடி தேக்கினால் குறைந்த நீரிலேயே உப்பு கழுவப்படும். மழைக்காலத்திலேயே இதை முடித்துக்கொள்வது உத்தமம். மழைநீரைவிடச் சுத்தமான நீர் கிடைக்காது.

கழுவிய உப்பு எங்கே போகும்? நிலத்தடி நீர் ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் நின்றால் இறங்கிய உப்பு அந்த நீரில் கலந்து, வெயில் ஏறியதும் மண்ணின் நுண்துளைகள் வழியாக மறுபடி மேலே வந்து பூக்கும். வெள்ளையைச் சுரண்டி எடுப்பதாலும் பெரிய பயன் இல்லை. கீழே ஊற்று இருக்கும்வரை அது பூத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வடிகால் வாய்க்கால். நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில், குறைந்தது ஒரு மீட்டர் ஆழமாவது வெட்டி, அதன் வாய் நிலத்தைவிடத் தாழ்ந்த ஓடையிலோ பொது வடிகாலிலோ போய்ச் சேர வேண்டும். ஓட்டம் இல்லாமல் முட்டி நிற்கும் வாய்க்கால் உப்புக் குட்டையாகிவிடும். இடத்தைப் பறிக்கிறது, கரை சரிகிறது என்று திறந்த வாய்க்காலை வெறுப்பவர்களுக்குத் துளையிட்ட குழாய்களை மண்ணுக்கு அடியில் பதிக்கும் முறை இருக்கிறது. செலவு அதிகம். தனியாளாகச் செய்வதைவிட ஒரே வடிகாலில் சேரும் நிலங்களின் உடைமையாளர்கள் சேர்ந்து செய்தால்தான் கட்டுப்படியாகும். உங்கள் நிலத்து நீர் இறங்குமிடம் பக்கத்து நிலமாக இருந்தால் இது பொறியியல் பிரச்சினை என்பதைவிடப் பேச்சுவார்த்தைப் பிரச்சினைதான்.

ஒரு முறை கழுவிவிட்டால் முடிந்தது என்றும் இருக்க முடியாது. மின்கடத்துதிறன் 1 டெசிசீமன்ஸ் உள்ள பாசன நீர் நல்ல நீர் என்றே சொல்லப்படும். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் அது பத்து லட்சம் லிட்டர்; கூடவே 640 கிலோ உப்பு. ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் நீர் கொடுத்தால் ஆறு டன்னுக்கு மேல். பயிர் நீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். எனவே பயிருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீர் கொடுத்து, அந்தக் கூடுதல் நீர் உப்பைச் சுமந்து வேருக்குக் கீழே இறங்கும்படி செய்ய வேண்டும். பாசன நீர் 2 டெசிசீமன்ஸ், வேர்மண்டலத்தை 4-க்குள் வைத்திருக்க வேண்டும் என்றால் இந்தக் கூடுதல் சுமார் 11 விழுக்காடு.

களர் நிலத்துக்கு வருவோம். கேள்வியில் சொன்ன அறிகுறிகளில் தண்ணீர் தேங்கி நிற்பது களரைத்தான் காட்டுகிறது. வெள்ளை பூப்பதைப் பார்த்தால் உவர்க்களராக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கலப்பு நிலத்தில்தான் பெரிய தவறு நடக்கும். உப்பு மிகுந்திருக்கும்வரை சோடியம் இருந்தாலும் களித்துகள்கள் விலகுவதில்லை. உப்பின் செறிவே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். ஜிப்சம் போடாமல் நல்ல நீரை விட்டுக் கழுவினால் உப்பு போய்ச் சோடியம் மட்டும் தங்கி, நேற்றுவரை நீர் இறங்கிக்கொண்டிருந்த மண் இறுகிவிடும். நெதர்லாந்தில் 1953-இல் கடல்நீர் கரையை உடைத்துக்கொண்டு புகுந்தபின் களிமண் வயல்களுக்கு ஜிப்சம் இட்டதற்குக் காரணம் இதுதான். மழைநீர் உப்பைக் கழுவத் தொடங்கும்போது சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் கையில் இருக்க வேண்டும்.

இப்போது அளவுக் கணக்கு. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதன் கால்சியம் களித்துகளில் போய் ஒட்ட, விரட்டப்பட்ட சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து நீரில் கரைந்து இறங்கும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 2,250 டன். அதில் 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லிஈக்குவலன்ட் (அயனிகளை அளக்கும் அலகு) சோடியத்தை நீக்க ஏறத்தாழ 1.9 டன் சுத்த ஜிப்சம் வேண்டும். மண்ணின் அயனிப் பரிமாற்றத் திறன் (100 கிராம் மண் பிடித்துவைக்கக்கூடிய மொத்த அயனிகள்) 20 மில்லிஈக்குவலன்ட், அதில் சோடியம் 40 விழுக்காடு, அதை 15-க்குக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீக்க வேண்டியது 20-இல் 25 விழுக்காடு, அதாவது 5 மில்லிஈக்குவலன்ட். ஹெக்டேருக்கு 9.7 டன், ஏக்கருக்கு 3.9 டன். ஜிப்சத்தின் தூய்மை 80 விழுக்காடு என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 5 டன். நீங்கள் போட்ட நான்கு மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ என்றால், 200 கிலோ. அது நிலக்கடலைக்குக் காய் பிடிக்கும் பருவத்தில் கால்சியத்துக்காகப் போடும் அளவு. களர் திருத்த அது எந்த மூலைக்கு?

ஐந்து டன் என்றதும் மலைத்துப்போக வேண்டாம். முதல் பயிர் நெல் என்றால் ஆய்வகம் கணித்துச் சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதியைப் போட்டுத் தொடங்கலாம். மேலே 10, 15 சென்டிமீட்டர் திருந்தினாலே நெல் வேர் பிடித்துக்கொள்ளும். மீதி வேலையைத் தேங்கிய நீரும் வேர்களும் பார்த்துக்கொள்ளும். வட இந்தியச் சமவெளியில் களர் நிலங்களைச் சாகுபடிக்குக் கொண்டுவந்ததில் 1969-இல் தொடங்கப்பட்ட கர்னால் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்த முறைக்குப் பெரும்பங்கு உண்டு: சமன் செய், வரப்புக் கட்டு, பாதியளவு ஜிப்சம் இடு, நீர் தேக்கு, நெல் நடு, அடுத்துக் கோதுமை விதை.

இடும் விதமும் முக்கியம். நிலத்தைச் சமன் செய்தபின்தான் தூவ வேண்டும். முன்பே தூவினால் மேட்டிலிருந்து வெட்டிப் பள்ளத்தில் கொட்டும்போது ஜிப்சம் எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். சீராகத் தூவி மேல் 10 சென்டிமீட்டருக்குள் கலந்தால் போதும். ஆழ உழுது கீழே தள்ளினால் மருந்து நீர்த்துப்போகும், அடிக்களரும் மேலே வரும். கலந்ததும் நீர் தேக்குங்கள். ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம்தான் கரையும். ஹெக்டேரில் தேக்கும் 10 சென்டிமீட்டர் நீர் சாதாரணமாக இரண்டரை டன்னைத்தான் கரைக்கும். களர் மண் கால்சியத்தை உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால் நிலத்தில் இதைவிடக் கூடுதலாகவே கரையும். இருந்தாலும் ஒரு தடவை நனைத்துவிட்டுப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஒரு வாரம், பத்து நாள் நீர் நின்று இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நிற்கும் நீரை வடித்துவிட்டுப் புது நீர் விட வேண்டும். பழுப்பு நிறத்தில் வடியும் அந்த முதல் நீரை அடுத்த பாத்திக்குப் பாய்ச்சிவிடாதீர்கள்.

ஜிப்சத்துக்குப் பதிலாகக் கந்தகம் போடலாமா என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் போடலாம். பாக்டீரியாக்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் மண்ணின் சுண்ணாம்போடு சேர்ந்து அங்கேயே ஜிப்சத்தை உண்டாக்கும். ஒரு டன் ஜிப்சத்தின் வேலையைச் சுமார் 190 கிலோ கந்தகம் செய்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் ஈரமும் காற்றோட்டமும் வேண்டும். நீர் தேக்கிய வயலில் இது நடக்காது. சுண்ணாம்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மண்ணில் நீர்த்த அமிலத்தைச் சில துளிகள் விடுங்கள், நுரைத்தால் இருக்கிறது. ஆனால் களர் நிலத்தில் சுண்ணாம்பையே வாங்கிப் போடுவது வீண். அது அமில மண்ணுக்கான மருந்து. பிஎச் ஏறிய மண்ணில் கரையாமல் கிடக்கும். சர்க்கரை ஆலைக் கழிவு வாங்குகிறவர்களும் எந்த முறை ஆலை என்று விசாரிக்க வேண்டும். கந்தக வாயுவால் கரும்புச்சாற்றைத் தெளியவைக்கும் சல்பிடேஷன் ஆலைக் கழிவு களருக்கு நல்லது. கரியமில வாயுவால் தெளியவைக்கும் கார்பனேஷன் ஆலைக் கழிவில் பெரும்பகுதி சுண்ணாம்புதான்.

தொழுவுரமும் பசுந்தாளும் ஜிப்சத்துக்கு மாற்று அல்ல. ஆனால் அவை இல்லாமல் ஜிப்சத்தின் பலன் நிலைக்காது. பசுந்தாளில் என் வாக்கு தக்கைப்பூண்டுக்கு. களரையும் தேங்கும் நீரையும் அதைப் போலத் தாங்கும் செடி குறைவு. விதைத்து 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். அது மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு நீரில் கரைந்து, மண்ணில் உறைந்து கிடக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அந்தக் கால்சியம் செலவில்லாமல் வந்து சேரும். நீர் தேங்கிய நெல் வயலிலும் வேர்கள் விடும் கரியமில வாயுவால் இதே வேலை நடக்கிறது. பிஎச்சும் தற்காலிகமாக இறங்கும். களர் நிலத்தில் முதல் பயிராக நெல்லைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நெல் களரைத் தாங்கும் அளவுக்கு உவரைத் தாங்காது. மின்கடத்துதிறன் 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மிக மென்மையானவை. உவர் தாங்குவதில் பார்லி (8), பருத்தி (7.7), சோளம் (6.8), கோதுமை (6) ஆகியவை நெல்லைவிட உறுதியானவை; அடைப்புக்குள் இருப்பது விளைச்சல் குறையத் தொடங்கும் மின்கடத்துதிறன். வெங்காயம் 1.2-லும் பீன்ஸ் 1-லும் தள்ளாடத் தொடங்கிவிடும். நெல்தான் வேண்டும் என்றால் டிஆர்ஒய் 1, சிஎஸ்ஆர் 10 போன்ற தாங்கும் ரகங்களை எடுங்கள். கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து கண்டறிந்த உப்புத் தாங்கும் மரபணுப் பகுதியைப் புது ரகங்களிலும் சேர்த்துவருகிறார்கள். ரகம் எதுவானாலும் வயது முதிர்ந்த நாற்றாக, குத்துக்கு நான்கு நாற்று வரை வைத்து நெருக்கி நடுங்கள். சில செத்தாலும் வயல் நிரம்பும்.

உர விஷயத்தில் மூன்று செய்திகள். காரம் மிகுந்த மண்ணில் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். வழக்கமான அளவைவிடக் கால் பங்கு கூட்டி, பல தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காது; துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோவாவது அடியுரமாக வேண்டும். உவர் நிலத்தில் குளோரைடு வகைச் சாம்பல்சத்தைக் குறைத்துச் சல்பேட் வகைக்கு மாறுங்கள்.

பார் பிடித்துப் பயிர் செய்கிறவர்களுக்கு ஒரு சிறு உத்தி. சால் வழியாக நீர் பாய்ந்தால் ஈரம் இரு பக்கமிருந்தும் பாரின் உச்சிக்கு ஏறும். உப்பும் அங்கே போய்க் குவியும். விதையை உச்சியில் ஊன்றினால் உப்புக் குவியலின் நடுவில் ஊன்றியதாகிவிடும். பாரின் சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஊன்றுங்கள். சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் சேரும். தூறல் மழை அந்த விளிம்பு உப்பை வேருக்கே தள்ளிவிடும் என்பதால் சிறு மழையின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் விடுவது நல்லது. இது பலருக்கும் வேடிக்கையாகத் தோன்றும். செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

மண்ணோடு கிணற்று நீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். களர் நிலம் திரும்பத் திரும்பக் களராவதற்குப் பல இடங்களில் நீர்தான் காரணம். நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மக்னீசியத்துக்கு ஈடானதைக் கழித்தபின் மிஞ்சும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்) லிட்டருக்கு 2.5 மில்லிஈக்குவலன்டைத் தாண்டினால் அந்த நீரை அப்படியே பாய்ச்சக் கூடாது. தாண்டும் ஒவ்வொரு மில்லிஈக்குவலன்டுக்கும், ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் பாய்ச்சும் நீருக்கு 86 கிலோ ஜிப்சம் தேவை. மண்ணில் போடுவதைவிட, பம்ப் நீர் விழும் தொட்டியில் ஜிப்சக் கட்டிகளை நிரப்பி அதன் வழியாக நீரைப் பாயவிடுவது எளிது. மழைநீரும் கால்வாய் நீரும் கிடைக்கும் நாட்களில் கிணற்றை மூடிவையுங்கள்.

சீர்திருத்தத் தொடங்கிய நிலத்தைக் கோடையில் வெறுமனே காயப்போடாதீர்கள். பயிர் இல்லாத நிலத்தில் உப்பு மேலே ஏறுவதைத் தடுக்க ஆள் இல்லை. பசுந்தாளோ, அதற்கும் நீர் இல்லையென்றால் வைக்கோல் மூடாக்கோ இருக்கட்டும்.

வடிகாலுக்கு வழியே இல்லை, கிணற்று நீரும் கெட்டது என்றால் முழு நிலத்தையும் திருத்த முனைய வேண்டாம். திருந்தும் பகுதியை மட்டும் பயிருக்கு எடுத்துக்கொண்டு மற்றதைப் புல்லுக்கும் மரத்துக்கும் விடுங்கள். கருவேலம், சவுக்கு, நீர்மருது, புங்கம் ஆகியவை தாங்கும். தீவனத்துக்கு ரோட்ஸ் புல். களர் நிலத்தில் ஒரு மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் சுக்கான் படலம் (இறுகிய சுண்ணாம்பு அடுக்கு) இருக்கும். சாதாரணக் குழியில் நட்ட கன்றின் வேர் அதை முட்டியதும் நின்றுவிடும், இரண்டு மூன்று ஆண்டில் மரம் பட்டுப்போகும். துளைப்பானால் அந்தப் படலம் உடையும் ஆழத்துக்கு ஒடுக்கமான குழி போட்டு, எடுத்த மண்ணோடு மூன்று கிலோ ஜிப்சமும் எட்டுக் கிலோ தொழுவுரமும் கலந்து நிரப்பி, நீர் விட்டு மண் அமர்ந்தபின் கன்றை நடுங்கள்.